எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க?

கடலூர் எங்கே இருக்கிறது என்று மஸ்கட்டில் யாராவது கேட்டால், எங்கள் ஜில்லாக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வோம். "பாண்டிச்சேரி பக்கம்." கேட்டவர் முகம் உடனே மலரும். ஆகா, பாண்டிச்சேரியா, கடற்கரையாச்சே, பிரெஞ்சுக்காரன் கட்டின தெருவாச்சே என்று ஆரம்பிப்பார். நாமும் அந்தப் பெருமையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். வேலை சுலபமாக முடிந்துவிடும்.

என்னோடு அங்கே ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த அக்கா ஒருவர்தான் இதற்கு ஒத்துக்கொண்டதே இல்லை. "பாண்டிச்சேரிதாங்க கடலூர் பக்கம்" என்பார். கேட்டவர் ஓமானி டாக்டராக இருந்தாலும் விடமாட்டார். கையுறை அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தைக் கிழித்துப் படம் போடுவார். மேலே சென்னை, கீழே நாகப்பட்டினம், நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வட்டம். அதுதான் கடலூர். பாண்டிச்சேரிக்கு ஒரு மிளகு. எங்கள் சிதம்பரத்துக்கு ஒரு கடுகு.

"இன்னாக்கா இது அநியாயம்? எங்க ஊர் கோயிலு உலகத்துக்கே தெரியும்" என்று நான் சண்டைக்குப் போவேன்.

"உங்க ஊருக்கு சாமி வேலை பாக்குது. எங்க ஊருக்கு யாரு இருக்கா? நாமதான் வாயத் தொறந்து சொல்லணும்."

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் போன் போட்டு ஏசுவார் என்பது ஒரு காரணம். எங்கள் வார்டில் அதே பெயரில் மூன்று நர்சுகள் இருந்ததால் யாருமே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பது இன்னொன்று. கடலூர் சிஸ்டர் என்பார்கள். நான் அக்கா என்பேன், இத்தனைக்கும் என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். அவர் என்னை 'சிதம்பரம்' என்று கூப்பிடுவார். என் ஊர் சிதம்பரம் இல்லை. புவனகிரிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். பாண்டிச்சேரி பக்கம் என்று சொல்லாதே என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவர், என்னை மட்டும் பக்கத்து ஊர் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். கடைசிவரை அதில் அவருக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

உண்மையில் அவர் ஊரும் கடலூர் டவுன் இல்லை, செம்மங்குப்பம். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த ஊரைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆலப்பாக்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ்ஸுக்குள் கைக்குட்டைகள் மூக்குக்கு வரும். சேலை முந்தானைகள் வரும். தூங்குகிற பிள்ளை எழுந்து அழும். கெமிக்கல் எஸ்டேட் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் அழுகிய பழ வாடை, ஒருநாள் ஸ்பிரிட் வாடை, ஒருநாள் என்னவென்றே சொல்லத்தெரியாத ஒன்று. நானும் அந்த பஸ்ஸில் போனபோதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போயிருக்கிறேன். அந்தப் புகைபோக்கிகளுக்கு அந்தப் பக்கம் வீடுகள் இருக்கின்றன, அதில் ஒன்றில் ஒரு பெண் நர்சிங் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பாள் என்றெல்லாம் யார் யோசித்தார்கள்?

ஒரு பொங்கல் கூட்டம். மஸ்கட்டில் தமிழர்கள் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து, கேஸ் அடுப்பில் பொங்கல் வைத்து, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு அழுகிற கூட்டம். மைக் பிடித்த ஒருவர் மண்வாசனை என்று ஆரம்பித்தார். முதல் மழை, ஈர மண், அந்த வாசனைக்கு எந்த அரபு நாட்டு அத்தரும் ஈடாகுமா என்றார். பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன், பொய் சொல்வானேன். அக்கா எழுந்து நின்றார்.

"அண்ணே, எங்க ஊர்ல மழை பெஞ்சா மண்ணு வாசனை வராது. கெமிக்கல் வாசனைதான் ஜாஸ்தியாவும். அப்ப நாங்க ஊரை நெனைக்கக் கூடாதா?"

ஹாலில் சிரிப்பு. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு புத்திசாலி, "அதான் தப்பிச்சு இங்க வந்துட்டீங்களே சிஸ்டர்" என்றார். நல்ல நகைச்சுவை என்று அவருக்கு நினைப்பு.

அக்கா அவர் பக்கம் திரும்பினார். "தப்பிச்சு வர்றதுக்கு நான் இன்னா ஜெயில்லயா இருந்தேன்? வேலைக்கு வந்திருக்கேன். எங்க ஊரு நாறுதுன்னு நான் சொல்லலாம். நீங்க சொல்லக் கூடாது."

அந்த மனிதர் அப்புறம் பாயசம் வாங்கக்கூட எங்கள் வரிசைக்கு வரவில்லை. அக்காவின் குணமே இதுதான். ஊரைப் பற்றி அழுகிறவனையும் பிடிக்காது, இளப்பமாகப் பேசுகிறவனையும் பிடிக்காது. ஊரை நினைத்து உருகுவதெல்லாம் திரும்பிப் போகிற எண்ணம் இல்லாதவன் செய்கிற வேலை என்பார். ஐப்பசி, கார்த்திகை வந்தால் டிவியில் புயல் செய்தி ஓடும், கடலூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்பார்கள். கேரளத்து நர்சுகள் வந்து அவர் தோளைத் தொட்டு, பாவம், உங்க ஊராச்சே என்பார்கள். அக்கா தோளை உருவிக்கொள்வார். "பாவம்லாம் ஒண்ணுமில்ல. எத்தினி புயலைப் பாத்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடுவார். தெருவில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் போன். குடிதண்ணி புடிச்சி வச்சீங்களா, மாட்டை அவுத்து வுட்டீங்களா, டார்ச் லைட்டுக்குப் பேட்டரி இருக்குதா.

நாங்கள் நால்வர் ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். மூன்று பேர் கட்டிலுக்கு மேலேயும் காலண்டர், சாமி படம், பிள்ளைகள் போட்டோ என்று சுவரே தெரியாது. அக்கா பக்கத்துச் சுவர் மட்டும் மொட்டையாக இருக்கும். ஞாயிறு வெள்ளி பாராமல் ஜெபம் பண்ணுகிறவர், ஒரு இயேசு படம்கூட மாட்டவில்லை. ஏன்கா என்று கேட்டதற்கு, "டூட்டிக்கு வந்த எடத்துல எவளாவது ஆணி அடிப்பாளா?" என்றார். எத்தனை வருஷம் ஆனாலும் அவருக்கு அது டூட்டிதான். நர்சுகளுக்கு டூட்டி முடிந்தால் அடுத்து வருகிறவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். ஊரை விட்டுட்டு வந்து எத்தனை வருஷம் ஆச்சு என்று யாராவது கேட்டால் முதலில் கேள்வியைத் திருத்துவார். "வுட்டுட்டு வரல. நைட் டூட்டி கொஞ்சம் நீண்டு போச்சு."

கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்ற கேள்விக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. தம்பியைப் படிக்கவைக்கத் தியாகம் செய்தார் என்று நாங்களே ஒரு கதை கட்டிவைத்திருந்தோம். "தியாகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வந்தவன் எவனையும் எனக்குப் புடிக்கல" என்று ஒரே வரியில் அதைக் கவிழ்த்துவிட்டார்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள் லீவில் ஊருக்குப் போனால் எங்கள் பக்கம் ஒரே மூச்சில் ஒரு விசாரிப்பு உண்டு. எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க? பஸ் ஸ்டாப்பில் டீக்கடைக்காரர் கேட்பார். ரேஷன் கடை வாசலில் கேட்பார்கள். மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர் மாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. பாசமாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் கால் வைப்பதற்குள் திரும்பிப் போகிற தேதியை நாலு பேரிடம் சொல்லியிருப்போம். வந்த சந்தோஷத்தில் பாதி அங்கேயே போய்விடும். நான் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிற ஆள். அக்காவுக்கு அது உடம்பெல்லாம் எரியும்.

"வார்டுல படுத்திருக்கிறவன் கிட்ட வந்து, எப்ப பெட்டு காலியாவும்னு கேக்குற மாதிரி இல்ல?" என்பார்.

அதனால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எப்பப் போறீங்க என்று கேட்டால், "நீங்க எப்பப் போறீங்க?" என்று திருப்பிக் கேட்பார். டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். ஆனால் ஒருமுறை தெருவில் எண்பதைத் தொடப்போகிற ஒரு மாமாவிடமும் இதே பதிலைச் சொல்லித்தொலைத்தார். அந்த மாமா தன் சாவைக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த லீவுவரை அவர் முகத்திலேயே விழிக்கவில்லை.

அடுத்தது கண்ணாடி டம்ளர். எங்கள் வீடுகளில் வீட்டு ஆட்களுக்கு எவர்சில்வர் டம்ளர், ஒவ்வொன்றிலும் பேர் வெட்டியிருக்கும். கண்ணாடி டம்ளர் அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கும். மாப்பிள்ளை வீட்டார் வந்தால், வாத்தியார் வந்தால் இறங்கும். வெளிநாட்டிலிருந்து நாம் போய் இறங்கினாலும் அது இறங்கும். தட்டில் வைத்து ஜூஸ் கொண்டுவந்து நீட்டுவார்கள். நமக்கும் கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அக்கா ஒவ்வொரு லீவிலும் அந்தத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்த் தன் பழைய டம்ளரை எடுத்துக்கொள்வாராம். "கண்ணாடி டம்ளர்ல ஒருவாட்டி குடிச்சிட்டன்னு வையி, அப்புறம் நீ அந்த வூட்டுக்கு வெளியாளு" என்பார். எனக்கு அது அதிகப்படியாகத் தெரிந்தது. ஜூஸைக் குடித்துவிட்டுப் போவதை விட்டுவிட்டு இதில் என்ன வீம்பு என்று சொல்லியும் இருக்கிறேன்.

ஒரு வருஷம் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைத்தது. ஒரே விமானம். பெட்டி கட்டுவது என்பது அங்கே ஒரு திருவிழா. சீட்டு போட்டு, கடை கடையாக ஏறி, தைலம், பால்பவுடர், பாதாம், சென்ட்டு, பூப்போட்ட கம்பளி என்று திணித்து, தராசில் தொங்கவிட்டு, எடை கூடினால் எதை எடுப்பது என்று நமக்குள்ளேயே அடித்துக்கொண்டு, கடைசியில் கயிறு கட்டி மார்க்கரில் பேர் எழுதுவோம். அக்கா அந்தத் தடவை கடைக்கே வரவில்லை. கேட்டால், எல்லாம் இருக்குது, எல்லாம் இருக்குது என்றார். வழக்கமாகச் சென்னையிலிருந்து பஸ் பிடித்துப் போகிறவர், "உங்க வேன்ல எடமிருக்குமா சிதம்பரம்?" என்று கேட்டபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் புவனகிரியில் உரக்கடை வைத்திருக்கிறார். அவர்தான் வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார். பாண்டிச்சேரி தாண்டி, கடலூர் தாண்டி, மத்தியானத்துக்கு மேல் செம்மங்குப்பத்தில் அக்கா வீட்டு வாசலில் நின்றோம். அன்றைக்கு அழுகிய பழ வாடை. என் வீட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றினார். அக்கா அதைப் பார்த்தார். டீ குடிச்சிட்டுப் போலாம் வாங்க என்று எங்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

வீடு நிறைய ஆட்கள். தம்பி, தம்பி பெண்டாட்டி, காலேஜில் படிக்கிற அவர்கள் பையன், எதிர்வீட்டுச் சித்தி, இன்னும் தெருவில் பாதி. வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் பெட்டி பிரிப்பதை வந்து பார்ப்பது வழக்கம்தானே. முன்னறையில் ஏசி போட்டு, கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்து வைத்திருந்தார்கள். அக்கா வந்தால் தங்குகிற அறை அது. தம்பி பெண்டாட்டி தட்டில் கண்ணாடி டம்ளர்களோடு வந்தார். நானும் என் வீட்டுக்காரரும் எடுத்துக்கொண்டோம். அக்கா எடுக்கவில்லை. கூடத்து நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார்.

முதலில் ஒரு தலையணை வந்தது. அவர் தலை பட்டுப்பட்டு நடுவில் குழிந்துபோன பழைய தலையணை. அப்புறம் ஒரு போர்வை. சோற்றுத் தட்டு. சுடுதண்ணி பிளாஸ்க். டூட்டிக்குப் போட்டுத் தேய்ந்த வெள்ளை ஷூ. இஸ்திரிப் பெட்டி. குடை. பைபிள். கடைசியாக பாத்ரூமில் குளிக்கிற நீல பிளாஸ்டிக் மக். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். தைலம் இல்லை, சென்ட்டு இல்லை, ஒரு மிட்டாய்கூட இல்லை.

பெட்டி பார்க்க வந்தவர்கள் எட்டிக் காலிப் பெட்டிக்குள் பார்த்தார்கள்.

"இதெல்லாம் எங்க வைக்கட்டும்?" என்று கேட்டார் அக்கா.

எதிர்வீட்டுச் சித்திதான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னாடி இது? வேல போயிடிச்சா?"

"போவல சித்தி. முடிஞ்சிடிச்சி. நான்தான் எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

"உடம்புக்கு எதுனா...?"

"கல்லு மாதிரி இருக்குது."

தம்பி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார், அது முகத்தில் தெரிந்தது. "சொல்லவே இல்லியேக்கா" என்றார்.

"சொன்னா இன்னும் ரெண்டு வருஷம்னு சொல்லுவ."

"இல்லக்கா, இவன் படிப்பு முடியற வரைக்கும்..."

"போன தபா பிளஸ் டூ முடியற வரைக்கும்னு சொன்ன. அதுக்கு முன்ன மாடி எழுப்பற வரைக்கும். எப்பப் பாத்தாலும் உனக்கு ரெண்டு வருஷம்தான் பாக்கி."

"உன் நல்லதுக்குத்தான சொல்றேன்? இங்க வந்து இன்னா பண்ணப்போற? வசதி உள்ளவன்லாம் இந்த நாத்தம் வேணாம்னு பாண்டிச்சேரில மனை வாங்கிக்கினு போறான். நீ அங்கேர்ந்து இங்க வர்ற."

"நல்லாருக்குன்னா வந்தேன்? எங்க ஊருன்னு வந்தேன். நீ இதே நாத்தத்துலதான இருக்கிற? உனக்கு ஆவும்போது எனக்கு ஆவாதா?" அக்கா குரலை உயர்த்தவில்லை. வார்டில் ஊசி போடுவதற்கு முன்னால் பேசுகிற குரல்தான். "தெரு ஆளுங்க இருக்கிறப்பவே கேக்குறேன். உனக்கு அக்கா வேணுமா, பெட்டி வேணுமா? ஒண்ணு சொல்லு. சிதம்பரத்தோட வேன் வாசல்லதான் நிக்குது. பெட்டிதான் வேணும்னா இப்பவே ஏறிடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏறினால் நான் எங்கே கொண்டுபோய் விடுவேன்? என் வீட்டுக்காரர் ஜூஸை அப்படியே கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். அக்கா அந்தத் தலையணையின் மேல் கையை வைத்துக்கொண்டு தம்பியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தலையணை உறையின் சுருக்கத்தை விரலால் நீவினார், நீவிய இடத்தையே மறுபடியும் நீவினார். நோயாளிக்கு நரம்பு தேடும்போது ஒரே தடவையில் போய் நிற்கிற விரல் அது. அதைப் பார்த்த பிறகுதான், இது வீம்பு இல்லை, தனக்கு இந்த வீட்டில் இடம் இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கே இந்த நிமிஷம்வரை தெரியாது என்று எனக்கு விளங்கியது.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

தம்பி பெண்டாட்டிதான் நகர்ந்தார். அவரைப் பற்றி நாங்கள் மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு நல்லதாக ஒன்றும் நினைத்ததில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து அந்த நீல மக்கை எடுத்தார்.

"இதைப் பாத்ரூம்ல வைக்கிறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார்.

அவ்வளவுதான். தம்பி வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். சித்தி அவரைத் திட்டினார். அக்கா அழவில்லை. அடுப்பங்கரை பக்கம் பார்த்து, "என் டம்ளரு எங்க?" என்றார்.

"அதுலதான் அண்ணி நான் தினம் காபி குடிக்கிறேன்" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

"அப்ப நீ வேற வாங்கிக்க."

அதோடு எல்லாம் சுபம் என்று நினைத்துவிட வேண்டாம். ஏசி அறை விருந்தாளிக்குத்தான் என்று சொல்லி, அக்கா பின்னால் இருந்த சாமான் அறையைக் கழுவிவிட்டு அதில் கட்டில் போட்டுக்கொண்டார். அதற்கு ஒரு சண்டை. திருடி மாட்டிக்கொண்டாள், வியாதி, அரபிக்காரன் விரட்டிவிட்டான் என்று தெரு பேசாத பேச்சில்லை. அக்கா அதற்கென்றே தினமும் காலையில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். சுவரில் ஆணி அடித்து இயேசு படத்தை மாட்டி, அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தார். சாயங்காலத்தில் தெருப் பெண்களுக்கு பிரஷர் பார்க்கிறார். வாடை தாங்கமுடியாத நாட்களில் அவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போகிறார். வாடை போய்விட்டதா என்றால், இல்லை. "போவுதோ இல்லையோ, இங்க மனுசன் இருக்கான்னு அவுங்களுக்குத் தெரியட்டும்" என்கிறார்.

நான் மஸ்கட்டிலேயே இருந்தேன். இன்னும் இரண்டு வருஷம், மகள் பத்தாவது முடிக்கட்டும். இன்னும் இரண்டு வருஷம், கடைக்குப் பக்கத்து இடத்தை வளைத்துவிடலாம். ஊருக்கு எப்ப வரப்போற என்று அக்கா போனில் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஒருநாள், "உனக்குப் புள்ளை குட்டி இல்ல, நீ பேசுவ" என்று சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். இன்றும் சொல்கிறேன், அது உண்மைதான். அப்புறம் நாங்கள் பேசவே இல்லை. கார்த்திகையில் அவரே கூப்பிட்டார். "கூண்டு ஏத்திட்டாங்க. உங்க மாட்டுக் கொட்டாய் ஓட்டைப் பாத்துக்கச் சொல்லு" என்றார். நடந்த சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இந்த வருஷம் லீவில் அக்காவைப் பார்க்கப் போனேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் பொத்தவில்லை. குமட்டியது, ஆனாலும் பொத்தவில்லை.

தம்பி பெண்டாட்டி அதே மாதிரி தட்டோடு வந்தார். எனக்குக் கண்ணாடி டம்ளர். அக்காவுக்கு அந்த நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். யாரும் யாரையும் கேட்கவில்லை, கை தானாக அப்படி வைத்தது. எதிர்வீட்டுச் சித்தி வாசலிலிருந்தே, "எப்ப வந்த, எப்பப் போற?" என்று என்னைக் கேட்டார். நான் தேதியைச் சொன்னேன். அக்காவை அவர் ஒன்றும் கேட்கவில்லை. "இந்தாடி, முட்டி வலிக்கு எழுதிக் குடுத்தியே, அந்த மாத்திரை தீந்துபோச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், வயிறு எரிந்தது.

"எனக்கும் சில்வர் டம்ளர்ல குடுக்கக் கூடாதாக்கா?" என்றேன்.

"இங்க நீ விருந்தாளி. கண்ணாடிதான்" என்றார் அக்கா. "சில்வரு வேணும்னா உன் வூட்ல போய்க் கேளு."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். மாமியார் தட்டில் கண்ணாடி டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தார். நல்ல மனுஷி. என் மகளைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவர். நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய் ஏனங்களை உருட்டினேன்.

"இன்னாம்மா தேடுற?" என்று கூடத்திலிருந்தே கேட்டார் மாமியார்.

"என் டம்ளரு அத்தை. கல்யாணத்துக்கு எங்க வூட்ல குடுத்தது. பேர் வெட்டினது."

"அதா? அது அரிசி டிரம்முல கெடக்கும். அளக்கறதுக்குப் போட்டு வச்சிருக்கேன்."

டிரம்மைத் திறந்து கையை விட்டேன். முழங்கை வரைக்கும் அரிசிக்குள் போனது. அடியில் கிடந்தது. எடுத்து, ஒட்டியிருந்த அரிசியை உதறி, குழாயில் கழுவினேன். தவிடு படிந்து என் பேர் மங்கியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. கண்ணாடி டம்ளரிலிருந்த காபியை அதில் ஊற்றிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, நீ எப்பப் போற? வேனுக்கு அப்பா அட்வான்ஸ் குடுக்கணுமாம், கேட்டுக்கினு வரச் சொன்னாரு."

"வேன்லாம் வேணாம்னு சொல்லு" என்றேன். "அப்படியே உன் ஆயாகிட்டயும் சொல்லிடு. அரிசி அளக்க வேற டம்ளர் பாத்துக்கட்டும்."